மாமாவுக்கு வெட்டிய இளநீர்

கிட்னி கெட்டுப்போனவருக்கு டாக்டரைக் கேட்காமல் இளநீர் கொடுக்காதீர்கள். இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மிச்சமெல்லாம் அது எனக்கு எப்படித் தெரியவந்தது என்கிற கதை. அவசரமாக இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என் மாமனார் கிரேக்க நாட்டுக்காரர். நம்பாதவர்கள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் யாரையாவது கேட்டால், "யாரு, மோட்டார் மனோகர் சாரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவர் பெயர் மனோலிஸ். ஊர் அதை மனோகராக்கி நாற்பது வருஷம் ஆகிறது. கப்பலில் இன்ஜின் பார்க்கும் வேலையில் இருந்தவர், சென்னைத் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். அங்கே நர்ஸாக இருந்த பெருநகர் தெரேசம்மா அவரைத் தேற்றி எழுப்பினார். கப்பல் போய்விட்டது, இவர் போகவில்லை. தெரேசம்மாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் கடை போட்டார். இந்தப் பக்கத்தில் அவர் இறங்கிப் பார்க்காத கிணறு குறைவு.

தமிழைப் பெருநகர்க் களத்துமேட்டில் கற்றவர். "இன்னா மாப்ள, மோட்டாரு தண்ணி இழுக்குதா, காத்து வாங்கிக்கினு கீதா?" என்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நம் ஊர் ஆள். கண்ணைத் திறந்தால் லுங்கி கட்டிய ஆறடி வெள்ளைக்காரர்.

அவருடைய கிரேக்கச் சபைக்கு இந்த வட்டாரத்தில் கோயில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாமியாரோடு பெருநகர் சர்ச்சுக்குப் போய்க் கடைசி வரிசையில் நிற்பார். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் சிலுவை போடும்போது இடது தோளிலிருந்து வலது தோளுக்குப் போவார்கள். இவர் வலமிருந்து இடம் போவார். "சார் மாத்திப் போடறாரே" என்று யாராவது கேட்டால், "சிலுவைக்கு ரெண்டு கையும் ஒண்ணுதாம்பா" என்பார். அவருடைய ஈஸ்டர்கூட அநேக வருஷம் நம் ஊர் ஈஸ்டருக்கு அப்புறம்தான் வரும். அந்தத் தேதிகளையெல்லாம் வரப்போகிற பல வருஷத்துக்கும் கணக்குப் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் காலையும் மாலையும் நல்லெண்ணெய் விளக்கு எரியும்.

நான் இந்து. நிலம் நீச்சு உள்ள குடும்பம். அவருடைய ஒரே மகள் எலெனியை நான் கட்டிக்கொண்டபோது என் வீட்டில் நடந்த கூத்தை இங்கே எழுதினால் என் அண்ணன் கோபித்துக்கொள்வார். மாமியார் இறந்தபிறகு மாமா எங்களோடு வந்து இருந்தார். இருபது வருஷத்தில் ஒரு நாளும் எனக்கு அவர் பாரமாகத் தெரிந்ததில்லை, வருஷத்துக்கு ஒரு மாலையைத் தவிர.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய விரதம் அவர்களுக்கு ஒரு திங்கட்கிழமை தொடங்கும். அதற்கு முந்தின ஞாயிறு மாலை, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். பெரியவர் சின்னவர் பேதம் கிடையாது. கல்யாணமான முதல் வருஷம் இது எனக்குத் தெரியாது. பேப்பர் படித்துக்கொண்டு நின்றிருந்தேன். மாமா எதிரே வந்து, அவ்வளவு உயரமும் மடிந்து, என் கால் பக்கத்தில் தரையைத் தொட்டார். நான் அலறிக் கட்டில் மேல் ஏறிவிட்டேன்.

"மாமா, இன்னா பண்றீங்க? மாமனாரு மருமவன் கால்ல வுழுந்தா நான் நாசமாப் பூடுவேன்!"

"கால்ல வுழல மாப்ள. தரையத் தொட்டேன். உன் காலு அங்க கீது, நான் இன்னா பண்றது?" என்றார் குனிந்தபடியே. "நான் எதுனா தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடு."

எலெனி சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். "'கடவுள் மன்னிப்பாரு, என்னியும் நீங்க மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லு. சொல்ற வரைக்கும் நைனா நிமிர மாட்டாரு."

"கடவுள் மன்னிப்பாரு" என்றேன் கட்டில் மேலிருந்தே. இரண்டாம் பாதியை விழுங்கிவிட்டேன். மாப்பிள்ளை போய் மாமனாரிடம் மன்னிப்புக் கேட்பதா? அதுவும், நான் என்ன தப்பு செய்தேன்? அதற்கப்புறம் வருஷா வருஷம் அதே கதைதான். அவர் குனிவார், நான் பாதி சொல்வேன், அவர் நிமிர்ந்துவிடுவார். இன்னொரு பாதி எங்கே என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. என் மகள் மரியா மூன்று வயதில் அவர் குனிந்ததும் தலையில் கை வைத்து ஆசீர்வாதமே செய்துவிட்டாள். அதை அவர் பெருநகர் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

நோய் ஒரு ஐப்பசியில் கால் வீக்கமாக வந்தது. மழையில் நின்றதால் என்று நினைத்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் கிரியாட்டினின் கூடியிருப்பதாகச் சொன்னார். உடம்பு வேலை செய்யச் செய்ய ரத்தத்தில் சேரும் ஒரு கழிவு அது. நல்ல கிட்னி அதைச் சலித்து மூத்திரத்தில் தள்ளிவிடும். கிட்னி தளர்ந்தால் ரத்தத்திலேயே தங்கிவிடும். மாமா இதை உடனே பிடித்துக்கொண்டார்.

"ஃபில்டரு அடச்சிக்கிச்சி. கழட்டிக் கழுவ முடியாதா டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். கழுவ முடியாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். பக்கத்து அறையில் ஒரு அம்மா சாப்பாட்டு விஷயத்தை விளக்கிச் சொல்லி, எலெனி கையில் அச்சடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்தார். அவர் பேசிக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்து நான் வெளியே போய்விட்டேன். எலெனிக்கோ அன்று எதுவும் காதில் ஏறவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் காகிதத்தை நான் வாங்கி, மைதா பசை காய்ச்சி, அடுப்படிச் சுவரில் ஒரு மூலைகூடத் தூக்காமல் ஒட்டினேன். உப்பைக் குறைக்கவும், ஊறுகாய் கூடாது, அப்பளம் கூடாது, கருவாடு கூடாது. அன்றிலிருந்து நான் போலீஸ்காரன் ஆனேன். பந்தியில் அவர் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்திருக்கிறேன். "மாப்ள, கப்பல்ல கேப்டன்கூட இவ்ளோ கெடுபிடி பண்ணல" என்பார்.

காகிதத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. மறுபக்கமும் அச்சடித்திருந்தது. அதை நான் சுவரோடு சேர்த்து ஒட்டியிருந்தேன்.

பங்குனியில் அவருடைய பெரிய விரதம் வந்தது. கறி, முட்டை, பால் கிடையாது. வார நாளில் எண்ணெய்கூடக் கிடையாது. கீரையும் பருப்பும் சோறுந்தான். வெயில் அந்த வருஷம் மண்டையைப் பிளந்தது. பெரியவர் வாடிப்போகிறாரே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் கிணற்றுமேட்டில் தென்னை இருக்கிறது. எலெனி சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், எட்டு மணிக்கே கிளம்பிவிடுவாள். மாமாவும் நானும் கழனிக்குப் போவோம். அவர் மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பார், நான் இரண்டு இளநீர் வெட்டுவேன். ஒரு நாளைக்கு இரண்டு, சில நாள் மூன்று.

"குடிங்க மாமா. கிட்னிய சுத்தமாக் கழுவி வுட்ரும்."

கல்லடைப்புக்கு இளநீர், நீர்க்கடுப்புக்கு இளநீர், சூட்டுக்கு இளநீர் என்று கேட்டு வளர்ந்தவன் நான். மூத்திரம் சம்பந்தப்பட்ட எதற்கும் இளநீர்தானே மருந்து? சொட்டு விடாமல் குடிப்பார். "எங்க ஊரு ஒலிவ மரம் இத்தினிதான் இருக்கும் மாப்ள. இங்க கடவுளு தண்ணிய எவ்ளோ ஒசரத்துல ஏத்தி வெச்சிகிறாரு, மோட்டாரே இல்லாம!" என்று ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்வது போலச் சொல்வார்.

விரதத்தின் மூன்றாம் வாரம், ஒரு காலையில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் உட்கார்ந்துவிட்டார். "கை வரமாட்டேங்குது மாப்ள. காலும் வரல" என்றார். பயந்த குரல். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பக்கத்துக் கழனிக்காரர் ஆட்டோவில் தூக்கிப் போட்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்த உடனே ஆம்புலன்ஸில் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு இளம் பெண் டாக்டர். என் அடுத்த பத்து நாள் வாழ்க்கை அவர் முகத்தைப் பார்த்தே நடந்தது. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பொட்டாசியம் என்று ஒரு உப்பு. அது கொஞ்சம் இல்லாமல் இதயம் துடிக்காது, அளவு மிஞ்சினால் துடிக்க மறந்துவிடும். மிஞ்சியதை வெளியேற்ற வேண்டியது கிட்னி. மாமாவுக்கு அதுதான் படுத்துவிட்டதே. இதயத்தைக் காக்க ஒரு ஊசி, பொட்டாசியத்தை இறக்க ஒரு ஊசி, அப்புறம் கழுத்தில் குழாய் இறக்கி டயாலிசிஸ். ரத்தத்தை மெஷினுக்குள் விட்டுச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் அனுப்புவது. நாலு மணி நேரம். மாமா அந்த மெஷினின் பம்ப் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "நல்ல மோட்டாரு. சத்தமே இல்ல" என்றார்.

அன்று மாலை டாக்டர் கட்டில் அருகே வந்து, என்னையும் வந்து சேர்ந்திருந்த எலெனியையும் கேட்டார். "இவ்வளவு பொட்டாசியம் எப்படி ஏறிச்சு? சாப்பாட்டு சார்ட்ல தெளிவாப் போட்டிருக்கோமே. கீரை, வாழைப்பழம், பேரீச்சை... முக்கியமா இளநீர். கிட்னி பேஷண்டுக்கு இளநீர் விஷம். என்ன குடுத்தீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு கூரையைப் பார்த்தார்.

எலெனிதான் பேசினாள். "விரதம் டாக்டர். நாப்பது நாள் விரதம்னு கீரையும் பருப்பும் துன்னுக்கினு இருந்தாரு. சொன்னாக் கேக்க மாட்டாரு." அப்பாவின் பக்கம் திரும்பினாள். "உன் சாமிதான் உன்ன இங்க கொண்டாந்து போட்டுச்சு நைனா. இப்ப சந்தோஷமா?"

மாமா எழுபத்து நாலு வயசு வரை எந்த விரதத்தை நம்பி நின்றாரோ அதன் மேல் பழி விழுந்தது. அவர் வாயைத் திறந்து "மாப்ள இளநி குடுத்தான்" என்று மூணு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாவது சொல்லியிருக்க வேண்டும். நான் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றேன். வெட்கங்கெட்டவன்.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன் முதல் காரியமாக அந்தக் காகிதத்தைத் தண்ணீர் தொட்டு ஊறவைத்து உரித்தேன். மறுபக்கத்தில் முதல் வரியே இளநீர். அடுப்பில் போட்டுக் கொளுத்திவிட்டேன். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் மட்டும் நின்றது.

டாக்டரிடம் வராந்தாவில் உண்மையைச் சொன்னேன். அந்நியரிடம் சொல்வது எவ்வளவு சுலபம்! "நிறைய பேர் இப்படித்தான் பண்றாங்க. இனிமே குடுக்காதீங்க" என்று போய்விட்டார். எலெனியிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.

காத்திருக்கும் இடத்தில் ஒரு நீளப் பெஞ்சு எங்களுக்கு வீடானது. தென்னேரியிலிருந்து புருஷனைக் கொண்டுவந்திருந்த ஒரு அம்மா தன் தயிர்சோற்றில் பாதியை எலெனிக்குக் கொடுத்துவிடுவார். மரியா பிளஸ் டூ பரீட்சை முடித்த கையோடு வந்து தாத்தாவுக்கு நகம் வெட்டினாள். கிணறு கிணறாக மாமா சம்பாதித்த ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கூரத்திலிருந்து ஒரு பெரியவர், வெயிலில் பஸ் பிடித்து, கோணிப்பையில் நாலு இளநீர் கொண்டுவந்தார். "சாருக்குன்னு என் கையால பறிச்சது" என்று எடுத்து வைத்தார்.

எலெனி கத்திவிட்டாள். "கொல்றதுக்கு வந்தீங்களா? எடுத்துக்கினு போங்க! அறிவு இல்ல? கிட்னிக்காரருக்கு யாராச்சும் இளநி குடுப்பாங்களா?"

பெரியவர் நடுங்கிப்போய்க் கோணியைக் கட்டினார். நான் அவரைப் பஸ் ஏற்றிவிடுகிற சாக்கில் வெளியே வந்து, ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே நடந்தேன். "வுடுப்பா, அது அப்பன் மேல கீற பாசம்" என்று என்னைத் தேற்றினார் அந்த மனிதர்.

டயாலிசிஸ் உடம்பின் சத்தையும் சேர்த்து எடுக்கும். தினம் இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு கொடுக்கச் சொன்னார்கள். மாமாவின் ஈஸ்டருக்கு இன்னும் வாரக்கணக்கில் இருந்தது. நோயாளிக்கு விரதம் கிடையாது என்று எத்தனையோ பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார். எலெனி கிண்ணத்தோடு நின்று, "இனிமே விரதம்னு வாயத் தொறக்காத நைனா. அதாலதான் இவ்ளோவும்" என்று ஊட்டினாள். கண்ணை மூடி மென்றார். முழுங்கும்போது கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது. எலெனி துடைத்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் எலெனி சாப்பிடப் போயிருந்தாள். நான் கட்டிலுக்கு முன்னால் நின்றேன். குனிந்து தரையைத் தொட்டேன்.

"மாமா, நான்தான். என்னை மன்னிச்சிடுங்க."

"இன்னாடா இது, இன்னிக்கு ஞாயித்துக்கெழமகூட இல்லியே" என்றார். பிறகு கையை நீட்டி என் தலையைத் தொட்டார். "கடவுள் மன்னிப்பாரு மாப்ள. என்னியும் நீ மன்னிச்சிடு."

"உங்கள எதுக்கு மாமா?"

"நீ ஆசையா வெட்டிக் குடுத்த. எனக்கு அதான் இனிச்சுது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எலெனிகிட்ட சொல்லிடு. நான் சொன்னா மாப்ள மேல கோள் சொன்னாப்ல ஆயிடும். நீ சொல்லு."

"சொல்றேன் மாமா."

"விரதத்த திட்டறா. அதாண்டா தாங்கல" என்றார்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாசலில் அவள் வரும்போது முகம் சுண்டிப்போயிருந்தது, நாளைக்குச் சொல்வோம் என்று விட்டேன். நாளைக்கு மாமாவுக்குக் குளிர்ஜுரம் வந்தது. கழுத்துக் குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். கவனமாக இருந்தும் சில பேருக்கு அப்படி ஆகுமாம். ஐ.சி.யூ.வுக்குள் மாற்றினார்கள். எலெனியின் வளையல் அந்த வாரத்தில்தான் அடகுக்குப் போனது, அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நாலாம் நாள் காலையில் அந்த டாக்டர் எங்களைத் தேடிக்கொண்டு பெஞ்சுக்கே வந்தார். நடந்து வரும்போதே தெரிந்துவிட்டது.

நம் ஊர் ஈஸ்டர் முடிந்திருந்தது, அவருடையது வரவில்லை. பெருநகரில் மாமியார் பக்கத்தில் புதைத்தோம். நாற்பதாம் நாள் எலெனி அவர்கள் வழக்கப்படி கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் திராட்சையும் கலந்து எல்லோருக்கும் கொடுத்தாள். விளக்கு மட்டும் ஏற்றவில்லை. "அந்த சாமியோட எனக்கு சண்டை" என்றாள். அதைக் கேட்டும் சொல்லவில்லை நான். ஏதாவது ஒரு சாக்கு தினம் கிடைத்தது. நாற்று விட வேண்டும், மரியாவை ஹாஸ்டலில் சேர்க்க வேண்டும், அவள் அசதியாக இருக்கிறாள். அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் அந்த வெள்ளைச் சதுரம் தெரியும், தலையைத் திருப்பிக்கொள்வேன்.

இந்த வருஷம் அந்த ஞாயிறு வந்தது. மாமாவின் நோட்டில் அவர் கையெழுத்திலேயே தேதி இருந்தது. மாலை எலெனி அடுப்படியில் சோறு வடிக்க நின்றிருந்தாள். நான் போய் எதிரே நின்றேன். நேராக அந்தச் சதுரத்துக்குக் கீழே, குனிந்து தரையைத் தொட்டேன். அவள் என்னைப் போல அலறவில்லை, கட்டில் மேல் ஏறவும் இல்லை. குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இளநீர், காகிதம், அடுப்பில் போட்டது, மாமா சொல்லச் சொன்னது, ஒரு வருஷமாகச் சொல்லாதது.

சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. எலெனி அடுப்பை அணைத்தாள்.

"கடவுள் மன்னிப்பாரு" என்றாள்.

நான் நிமிர்ந்தேன். அவள் குனிந்துகொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்யா" என்றாள் தரையைப் பார்த்து. "தினம் சாயங்காலம் நைனா சொல்லுவாரு, மாப்ள இன்னிக்கு ரெண்டு இளநி வெட்னான், மாப்ள இன்னிக்கு மூணு வெட்னான்னு. ஊரெல்லாம் சொல்லுவாரு, பெருமையா. டாக்டரு இளநின்னு சொன்ன உடனே எனக்குத் தெரிஞ்சிடுச்சி. நீ பக்கத்துல நின்னுக்கினு கீற. உன்ன எப்பிடிக் காட்டிக் குடுப்பேன்? அதான் விரதத்து மேல தூக்கிப் போட்டேன். நைனாவுக்கும் தெரியும், எனக்குத் தெரியும்னு. அதான் பேசாம முட்டையத் துன்னாரு. அந்தக் கூரத்துப் பெரியவர நான் திட்டினது யாரன்னு நெனச்ச? உன்னத்தான். என்னியும்தான். அந்தக் காயிதத்த கையில வாங்கினது நானு. ரெண்டு பக்கமும் எழுத்து இருந்தத பாத்தேன். படிக்கல. நீ பசை தடவும்போது பக்கத்துலதான நின்னேன். சொவுத்துலேந்து காயிதம் எங்க போச்சின்னு ஒரு நாளாச்சும் உன்னக் கேட்டனா? ஏன் கேக்கல? நைனாகிட்ட மன்னிப்பு கேட்டிருக்கணும். கேக்கல. என்னியும் நீ மன்னிச்சிடு."

மாதா படத்துக்கு முன்னால் விளக்கு ஒரு வருஷமாகக் காய்ந்து கிடந்தது. அதைத்தான் பார்த்தேன். எலெனி நிமிரவில்லை. ஒரு கை தரையில், ஒரு கை முழங்காலில். பதில் வரும்வரை அப்படியே இருப்பாள், அப்பனுக்குத் தப்பாத பெண்.

"கடவுள் மன்னிப்பாரு" என்றேன். பிறகு இருபது வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்த மிச்சப் பாதியையும் சொன்னேன். அவளுக்குச் சொன்னேனா, அவருக்கா என்று தெரியவில்லை. எலெனி நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்லெண்ணெய் பாட்டிலைத் தேடினாள்.